இரண்டு லிட்டர் பால்

ஐம்பது லிட்டர் கோழிச் சூப்பை வடிகானில் ஊற்ற வைத்தவள் என்று மெல்பன் நோபல் பார்க்கில் என்னைப் பற்றி ஒரு கதை உலாவுகிறது. கோயிலில், மரக்கறிக் கடையில், ரெயிலில் என்று எங்கே போனாலும் யாராவது பிடித்துக்கொண்டு, "ராணி அன்ரி, உண்மையோ?" என்கிறார்கள். உண்மைதான். நான்தான். நாளைக்கு அதே நிலைமை வந்தாலும் ஊற்ற வைப்பேன். கேட்கிறவர்கள் முழுதாய்க் கேளுங்கள், பாதியில் உச்சுக் கொட்ட வேண்டாம்.

என் பெயர் பவளராணி. ஐம்பத்தொரு வயது. படகில் வந்தவள். பதினொரு வருஷம் தற்காலிக விசாவில் தொங்கிவிட்டு, இப்போதுதான் நிரந்தரமானவள். டண்டினொங்கில் கோழி வெட்டும் பக்டரியில் ஏழு வருஷம் குளிர் அறைக்குள் நின்று, முதுகையும் விரல் மூட்டுகளையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு கிடைத்ததுதான் கோல்ஃபீல்ட் பக்கத்தில் ஒரு யூத முதியோர் இல்லத்துக் குசினி வேலை. எண்பத்திரண்டு பேருக்குச் சமையல். சமையல் ஒப்பந்தம் ஒரு கொம்பனியிடம். நான் கொம்பனியின் ஆள். கிழமைக்குக் கிழமை போனில் ஷிஃப்ட் வரும். வந்தால் வேலை, வராவிட்டால் வீடு. அவர்கள் யாரையும் வேலையை விட்டு நிறுத்துவதில்லை, ஷிஃப்ட் அனுப்பாமல் விடுவார்கள், அவ்வளவுதான். இந்த வேலை போனால் எனக்கு மறுபடி குளிர் அறைதான். என் முதுகு அதற்குச் சம்மதிக்காது.

யூதர்களைப் பற்றி அங்கே போகுமுன் எனக்குத் தெரிந்தது சைபர். போன பிறகுதான் அது ஒரு குசினி இல்லை, இரண்டு குசினி என்று தெரிந்தது. சிவப்புப் பட்டி ஒட்டிய பக்கம் இறைச்சிக்கு, நீலப் பட்டி ஒட்டிய பக்கம் பாலுக்கு. சட்டி வேறு, கரண்டி வேறு, கழுவுகிற தொட்டி வேறு, துடைக்கிற துணிகூட வேறு. நடுவில் பச்சைப் பட்டியோடு ஒரு சின்ன மூலை, மீன், முட்டை, மரக்கறி என்று எந்தப் பக்கமும் சேராதவற்றுக்கு. ஆட்டுக்குட்டியை அதைப் பெற்ற தாயின் பாலிலேயே அவிப்பது ஆகாது என்று அவர்களுடைய வேதத்தில் இருக்கிறதாம். அதைப் பிடித்துக்கொண்டு வளர்ந்ததுதான் இவ்வளவும். இறைச்சி சாப்பிட்டால் மணிக்கணக்கில் பால் தேத்தண்ணி தொடமாட்டார்கள். இந்த முறைப்படி ஆன சாப்பாட்டுக்குக் கோஷர் என்று பெயர்.

இதையெல்லாம் பார்த்துக்கொள்ள அவர்களுடைய மதகுரு, ரபி என்பார்கள், ஓர் ஆளை வைத்திருந்தார். ரிவ்கா. நாற்பது வயதிருக்கும், தலைமயிர் தெரியாமல் துணி கட்டியிருப்பாள், ஐந்து பிள்ளைகளின் தாய். கையில் எந்நேரமும் ஒரு சாவிக்கொத்து. அவள் பேசுவது இங்கிலீஷ், நான் இங்கே தமிழில் சொல்கிறேன்.

முதல் நாளே அவளோடு கொழுவினேன். காலையில் அடுப்பைப் பற்ற வைக்கக் கையை நீட்டினேன். "பொறு, அதை நான்தான் மூட்ட வேண்டும்" என்றாள். எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. ஏனென்று சொல்கிறேன். எங்கள் ஊர்க் கிணற்றுக் கட்டில் நாங்கள் கால் வைக்கக் கூடாது. யாராவது மனம் வைத்து அள்ளி ஊற்றும் வரை நான் குடத்தோடு வெயிலில் நின்றிருக்கிறேன். நான் தொட்டால் தண்ணீர் தீட்டு. கடல் கடந்து வந்தும் நான் தொட்டால் நெருப்பும் தீட்டா?

"என்ரை கையிலை என்ன ஊத்தையே?" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். பிறகு இங்கிலீஷிலும் சொன்னேன்.

ரிவ்கா முகம் சிவந்து போனாள். கோபத்தில் இல்லை, வெட்கத்தில். "உன் கை சுத்தம். வெட்டு, கிளறு, ருசி பார், பரிமாறு, எல்லாம் நீதான். நெருப்பு மூட்டுகிற கட்டளை எனக்கு இருக்கிறது, உனக்கு இல்லை. நான் மறந்தால் குற்றம் என் தலையில். உன்மேல் ஒரு தூசும் ஒட்டாது."

"என்னைத் தள்ளி வைக்கிற சட்டமா, உன்னைக் கட்டி வைக்கிற சட்டமா?"

"என்னைக் கட்டி வைக்கிறது."

அரைவாசிதான் நம்பினேன். மீதி அரைவாசியை இரண்டு வருஷம் கூட இருந்து பார்த்து நிரப்பினேன். அந்தச் சனத்தில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. கேள்வி கேட்டால் கோபிக்க மாட்டார்கள். "கோழிக்கு எங்காலை பால்? அதை ஏன் பாலோடை சேர்க்கக் கூடாது?" என்று ஒருநாள் மடக்கினேன். ரிவ்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தக் காலத்துப் பெரியவர் ஒருவர் இதையே கேட்டாராம், கோழிக்குப் பால் இல்லையே, சேர்த்தால் என்ன என்று. அவருடைய ஊரில் சேர்த்தும் சாப்பிட்டார்களாம். மற்றவர்கள், ஆட்டுக்கும் கோழிக்கும் சனம் குழம்பிவிடும், வேலியைக் கொஞ்சம் தள்ளிப் போடுவோம் என்று அவரைத் தோற்கடித்துவிட்டார்கள். ஆனால் அவர் சொன்னதையும் எழுதி வைத்திருக்கிறார்கள், இன்றைக்கும் படிக்கிறார்கள். தோற்றவன் சொன்னதை எழுதி வைக்கிற சனத்தை நான் முதல் முறை கண்டேன். எங்கள் பக்கத்தில் தோற்றவன் பெயரையே சுரண்டி அழித்துவிடுவோம்.

மிசிஸ் ஃபைகாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொண்ணூற்று நான்கு வயது, போலந்தில் பிறந்தவர். வாய் என்றால் வாய். உப்புக் குறைந்தால் தட்டைத் தள்ளிவிடுவார். எனக்கும் அவருக்கும் ஒத்துப்போனதற்கு அதுதான் காரணம், இருவருக்கும் கோபம் மூக்கு நுனியில். ஒருநாள் அவரிடம் நேராகவே கேட்டேன், இந்தச் சட்டி பிரிக்கிற விஷயத்தில் உங்களுக்கு அவ்வளவு நம்பிக்கையா என்று.

"யுத்தத்தில் எனக்குப் பன்னிரண்டு வயது. எது கையில் வந்ததோ அதைத் தின்றேன். குப்பையில் கிடந்தது, செத்த குதிரை, எல்லாம். எனக்கு என்ன வேண்டும் என்று கேட்க ஒரு ஆள் இல்லை. அதற்குப் பிறகு கடவுளோடு எனக்குப் பேச்சில்லை" என்றார். "இங்கே என்னை எப்போது எழுப்புவது, எப்போது குளிப்பாட்டுவது, எந்த மாத்திரை தருவது, எல்லாம் மற்றவர்கள் முடிவு. என் வாய்க்குள் என்ன போகிறது என்பது மட்டும் என் முடிவு. அதை யாருக்கும் விட்டுத் தரமாட்டேன்."

எனக்கு முகாம் ஞாபகம் வந்தது. படகால் இறங்கி அடைபட்டிருந்த காலத்தில் கந்தசஷ்டி விரதம் பிடித்தேன். மச்சம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். ஆறாம் நாள் சோற்றுக்குள் ஒரு துண்டு இறைச்சி. காட்டினேன். காவல்காரன் சிரித்துக்கொண்டே, "எடுத்து எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடு, ஒன்றும் ஆகாது" என்றான். ஒன்றும் ஆகவில்லைதான், நான் சாகவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பை இன்றைக்கும் மறக்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஜூன் மாதம் இறைச்சிப் பக்கத்துக்குப் புது அடுப்பு வந்தது, ஆறு வாய் உள்ளது. புதுப் பானைகளும் வந்தன. புதுப் பானையை அப்படியே ஏற்ற முடியாது, அவர்களுடைய தீர்த்தக் கேணியில் முக்கி எடுக்க வேண்டும். புதன்கிழமை ரிவ்காவின் காரில் ஏற்றிக்கொண்டு போய் இருவருமாக இழுத்துப் பறித்து முக்கி எடுத்தோம். பானைக்கும் தீர்த்தமா என்று நான் பகிடி பண்ண, அவள் உடுப்பெல்லாம் நனைந்து நின்று சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை புது அடுப்பில் முதல் சமையல். வெள்ளி பொழுது படுவதிலிருந்து சனி இரவு நட்சத்திரம் தெரியும்வரை அவர்களுக்கு ஷபாத், ஓய்வு நாள். நெருப்பு மூட்டமாட்டார்கள், சுவிட்ச் தொடமாட்டார்கள், சமைக்கமாட்டார்கள். மெல்பன் குளிர்காலத்தில் ஐந்து மணிக்கெல்லாம் பொழுது பட்டுவிடும், அதற்கு முன்பே விளக்கேற்றிவிடுவார்கள். இரண்டு நாள் சாப்பாடும் அதற்குள் முடிந்தாக வேண்டும். வெள்ளி இரவுச் சாப்பாட்டுக்கு உயிரே கோழிச் சூப்தான். கிழமை முழுக்க அதற்காகவே இருக்கிற கிழங்கட்டைகள் உண்டு.

நான் ஏழு மணிக்குப் போனேன். ரிவ்கா நெருப்பு மூட்டியிருந்தாள், பெரிய பானையில் சூப் கொதிக்கத் தொடங்கியிருந்தது. ஒன்பதரை போல, கொதித்துச் சிந்தியதைத் துடைப்போம் என்று அடுப்பு வாய்க்கு அடியில் இருந்த தட்டை இழுத்தேன். உள்ளே பழுப்பு நிறத்தில் ஆடை மாதிரி ஒட்டிக் கருகிக் கிடந்தது. முகர்ந்தேன். தீய்ந்த பால்.

இறைச்சி அடுப்பில் பால் எப்படி வரும்? குப்பைத் தொட்டியைக் கிளறினேன். அடியில் இரண்டு லிட்டர் பால் போத்தல், வெறும் போத்தல், கடதாசியில் சுற்றி.

குசினி மனேஜர் பிரதீப்குமார், தமிழ்நாட்டுப் பிள்ளை. டார்னெய்ட்டில் வீடு, மனைவிக்கு ஏழு மாதம். கொம்பனி ஸ்பொன்சர் பண்ணின விசா. எங்கள் இல்லத்துக்கு வந்து மூன்று கிழமைதான். நல்ல பெடியன், அதில் குறை இல்லை. போத்தலைத் தூக்கிக் காட்டினேன்.

"தம்பி, உதென்ன?"

முகம் மலர்ந்தது அவனுக்கு. "பார்த்துட்டீங்களாக்கா? காலைல அஞ்சரைக்கே வந்துட்டேன். புது அடுப்பு இல்லையா? முதல்ல பால் பொங்க வெச்சாத்தானே விளங்கும்! சும்மா சொல்லக்கூடாது, வடகிழக்கு பார்த்துப் பொங்குச்சு."

"எந்தப் பானையிலை?"

"இதோ, இந்தப் பெரிய பானைலதான். பொங்கினதும் ஒரு டம்ளர் குடிச்சிட்டு, மீதியக் கொட்டிட்டு நல்லா சோப்பு போட்டுக் கழுவிட்டேன்."

அந்தப் பானையில்தான் சூப் கொதித்துக்கொண்டிருந்தது, முப்பது கோழியோடு.

"அட பாவி, பாலும் இறைச்சியும் சேரக் கூடாதெண்டு உனக்குப் படம் போட்டெல்லோ காட்டினவை?"

"சேர்க்கலையேக்கா! பால் தனியா காய்ச்சினேன். அப்புறம் கழுவிட்டுத்தானே கறி போட்டோம்?"

அவனில் பிழை சொல்ல என்னால் முடியவில்லை. எங்கள் சனத்துக்குப் புது அடுப்பென்றால் பால்தான். யோசிக்கவே மாட்டோம், கை தானாய்ப் போகும். ஆனால் பானை கொதித்தால் அதன் உடம்புக்குள் பால் இறங்கிவிடும், பிறகு இறைச்சி கொதிக்கும்போது அதற்குள் ஏறும் என்பது இவர்களுடைய கணக்கு. ரிவ்காவிடம் இரண்டு வருஷம் வாயாடியதில் எனக்கு அது மனப்பாடம். சொன்னேன். பிரதீப்குமாரின் முகத்தில் ரத்தம் வற்றியது. போனை எடுத்து மோனிகாவுக்கு அடித்தான்.

மோனிகா கொம்பனியின் பெரிய மனேஜர். இப்படி ஒன்பது இடம் அவள் கையில். கோயம்புத்தூர்க்காரி, அவளும் தமிழ்தான். ஸ்பீக்கரில் போட்டான்.

"யாருக்குத் தெரியும்?" அதுதான் அவளுடைய முதல் கேள்வி.

"எனக்கும் ராணி அக்காவுக்கும்தான் மேடம்."

"அப்ப விட்டுடுங்க. அந்தத் தட்டைத் தேய்ச்சுக் கழுவுங்க, பாட்டிலை வெளிய கொண்டு போய்ப் போடுங்க. அடுத்த மாசம் கான்ட்ராக்ட் ரினியூவல் இருக்கு. பிரதீப், உங்க விசா என் கையெழுத்துலதான் நிக்குது, ஞாபகம் இருக்கட்டும். கொஞ்சம் பால்தானே? யாரும் சாக மாட்டாங்க."

அந்த நேரம் பார்த்து ரிவ்கா உள்ளே வந்தாள். எங்கள் மூன்று பேரின் தமிழும் அவளுக்கு வெறும் சத்தம். சூப்பின் மணத்தை இழுத்து முகர்ந்து, எங்களைப் பார்த்துச் சிரித்து, கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனாள். போனில் மோனிகா நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள், எதை எப்படி மறைப்பதென்று. தமிழ் பேசுவதில் எனக்கு என்றைக்கும் கூச்சம் வந்ததில்லை. அன்றைக்கு வந்தது.

"பிள்ளை" என்றேன் போனைப் பார்த்து. "சாகிறதைப் பற்றி ஆர் கதைச்சது? எண்பத்திரண்டு பேர் எங்களை நம்பி வாயைத் திறக்கினம். நான் போய்ச் சொல்லப்போறன்."

"பவளராணி, நீங்க கேஷுவல் ஸ்டாஃப். கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்க. திங்கட்கிழமை ஷிஃப்ட் வேணுமா வேண்டாமா?"

"வேணும். அதுக்காக முழுப் பூசணிக்காயைச் சோத்துக்கை புதைக்க என்னாலை ஏலாது."

பிரதீப்குமார் என் கையைப் பிடித்தான். கண் கலங்கியிருந்தது. "அக்கா, ப்ளீஸ்க்கா. மாசமா இருக்காக்கா அவ. விசா போச்சுன்னா இந்த நாட்டுல இருக்க விடமாட்டாங்க." விசாவுக்காக அழுகிற மனுசனை நான் கண்ணாடியில் பதினொரு வருஷம் பார்த்தவள். ஆனாலும் கையை எடுத்துவிட்டேன். "ஆர் செய்ததெண்டு நான் சொல்லமாட்டன் தம்பி. என்ன நடந்ததெண்டுதான் சொல்லப்போறன்" என்றேன். போனேன். சொன்னேன்.

ரிவ்கா கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. ஓடி வந்து அடுப்பை அணைத்தாள், உடனே ரபிக்குப் போன் எடுத்தாள். வயதான குரல், அவசரமே இல்லை. கொழுப்போடு கொதித்ததா, பானை புதிதா, எத்தனை மணி நேரம் இடைவெளி என்று கோர்ட்டில் மாதிரி ஒவ்வொன்றாய்க் கேட்டார். கடைசியில், "பால் எவ்வளவு?" என்றார்.

அங்கேதான் எல்லாம் நின்றது. ரிவ்கா எங்களுக்கு விளக்கினாள். பானைக்குள் எவ்வளவு இறங்கியது என்று தெரியாததால் காய்ச்சின பால் முழுதும் சூப்பில் சேர்ந்ததாகத்தான் கணக்கு. தெரியாமல் சேர்ந்த அந்தப் பாலைப்போல அறுபது மடங்கு சூப் இருந்தால் பால் இல்லாத மாதிரி, சூப்பைக் குடிக்கலாம், பானையை மட்டும் ஒதுக்கினால் போதும். அறுபது மடங்கு இல்லையென்றால் எல்லாம் போச்சு. சூப் ஐம்பது லிட்டர். அப்படியென்றால் பால் முக்கால் லிட்டருக்கு மேல் போகக் கூடாது. அவள் எங்களைப் பார்த்த பார்வையில் ஆசை இருந்தது. அவளும் மனுசிதானே. ஏழு மணி நேரத்தில் பொழுது படப்போகிறது, எண்பத்திரண்டு பேர் பசியோடு.

"ஒரு டம்ளர்தான்" என்றான் பிரதீப்குமார் இங்கிலீஷில். "சின்ன டம்ளர்."

ரிவ்காவின் தோள் இறங்கியது, நிம்மதியில். ரபி போனில், "நல்லது, அப்படியானால்" என்று தொடங்கினார்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் சூப் தப்பும், பெடியன் தப்புவான், என் திங்கட்கிழமையும் தப்பும். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன் என்று மனதைத் தேற்றிக்கொள்ளவும் வழி உண்டு. என்னைப் பார்த்துச் சிரித்த அந்தக் காவல்காரனும் இப்படித்தான் மனதைத் தேற்றியிருப்பான்.

"இரண்டு லிட்டர்" என்றேன். "போத்தல் என் கையில் இருக்கிறது. முழுப் போத்தல்."

தொடங்கிய பேச்சை விட்டுவிட்டு ரபி, "பேசியது யார்?" என்று கேட்டார். ரிவ்கா என் பெயரைச் சொன்னாள். "அவர் சொன்னதுதான் கணக்கு" என்றார். "ஊற்றிவிடுங்கள்."

ஊற்றினோம். நான் ஒரு பக்கம், ரிவ்கா ஒரு பக்கம். முப்பது கோழி, கரட், செலரி, எல்லாம் போனது. பிரதீப்குமார் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். சாப்பாட்டை ஊற்றுவது எனக்குச் சுலபம் என்று நினைக்க வேண்டாம். எங்கள் ஊர்ச் சண்டையில் பங்கருக்குள் பதுங்கிக் கிடந்து, கஞ்சிக்கு வரிசையில் நின்றவள் நான். ஆனாலும் ஊற்றினேன், ஏனென்றால் அது சாப்பாடாக இருப்பதற்கு அவர்கள் ஓம் என்று சம்மதிக்க வேண்டும், நான் இல்லை.

அதற்குப் பிறகு நாங்கள் சமைத்த சமையல்! பச்சைப் பட்டி மூலையில் இரண்டே இரண்டு அடுப்பு, ஓர் ஓவன். ரிவ்கா நெருப்பை மூட்டிவிட்டுக் கையைச் சுருட்டிக்கொண்டு கிழங்கு சீவ வந்துவிட்டாள். மீன் அவித்தோம், உருளைக்கிழங்கை ஓவனில் அடுக்கடுக்காய் வைத்தோம், சனிக்கிழமைக்குப் பயறும் பார்லியும் போட்டு இறைச்சி இல்லாத கூழ் ஒன்று ஏற்றினோம். பிரதீப்குமார் பேய் மாதிரி வேலை செய்தான். மூன்று மணிக்கு முக்கால்வாசி முடிந்தது.

மூன்றரைக்கு மோனிகா வந்தாள். கறுப்புக் கோட், கையில் ஒரு தாள். என்னை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டாள்.

"இது இல்லத்து நிர்வாகத்துக்குக் குடுக்கிற ரிப்போர்ட். குளிர்சாதனப் பெட்டி பழுதானதால சூப் கெட்டுப் போச்சுன்னு எழுதியிருக்கு. நீங்க சாட்சி. கையெழுத்துப் போட்டுடுங்க, எல்லாருக்கும் நல்லது. சாப்பாட்டு ஹால்லயும் அதையேதான் சொல்லப்போறோம்."

"பெட்டி நல்லாத்தானே இருக்கு."

"பவளராணி, நம்ம பையன் ஒருத்தனோட வாழ்க்கை இது."

"நம்ம பெடியன் எண்டு காலைமை உங்களுக்குத் தெரியேல்லையே? விசாவைக் காட்டி வெருட்டேக்கை அவன் ஆற்றை பெடியன்? அவனை நிப்பாட்டாதேங்கோ, அவன் தெரியாமல் செய்தவன். ஒளிக்கச் சொன்னது நீங்கள். பொய்யிலை நான் கையெழுத்து வைக்கமாட்டன். நீங்கள் தலைகீழாய் நிண்டாலும் வைக்கமாட்டன்."

அவள் கையை நீட்டினாள். "ஐ.டி. கார்டைக் குடுங்க."

கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தேன். குளிர் அறையின் கதவுச் சத்தம் காதுக்குள் கேட்டது. ஏப்ரனையும் கழற்றி மடித்து மேசையில் வைத்தேன். "உது மட்டும்தான் உங்கடை. நாக்கு என்ரை" என்றேன்.

ரிவ்கா கிழங்குத் தட்டோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சொல் விளங்காவிட்டாலும் கார்ட் கழற்றுவது விளங்காமல் போகுமா? தட்டை வைத்துவிட்டு வந்தாள். "என்ன நடக்கிறது?" என்று மோனிகாவைக் கேட்டாள்.

"ஸ்டாஃப் விஷயம். நாளைக்கு வேறு ஆள் அனுப்புகிறோம்."

"அப்படியா." ரிவ்கா தன் சட்டைப் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள். ஷபாத்துக்கு முன், சாப்பாடு கோஷர்தான் என்று அவள் கையெழுத்திட்டு ஹால் கதவில் ஒட்டுகிற தாள். அது ஒட்டாவிட்டால் அங்கே பாதிப்பேர் வாயில் ஒரு பிடி வைக்கமாட்டார்கள். "எனக்கு இரண்டு கண்தான். நான் பார்க்காத நேரம் இந்தக் குசினியில் நடப்பதற்கு மற்றவர்களை நம்பித்தான் கையெழுத்துப் போடுகிறேன். இன்று நான் கேளாமல் என்னிடம் உண்மை சொன்னது ஒரே ஒரு ஆள். அவளை அனுப்பிவிட்டால் நான் யாரை நம்பிப் போடுவது? உங்களையா?"

மோனிகா மணிக்கூட்டைப் பார்த்தாள்.

"இன்னும் ஒரு மணி நேரத்தில் விளக்கேற்றுவார்கள். அதற்குப் பிறகு நான் பேனா தொடமாட்டேன். யோசியுங்கள்" என்று சொல்லிவிட்டு ரிவ்கா கிழங்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மோனிகா என்னைப் பார்க்காமல் என் கார்டை மேசையில் தூக்கிப் போட்டாள். அது வழுக்கிக்கொண்டு போய் விளிம்பில் நின்றது. "எடுத்துக்கங்க."

நான் அசையவில்லை. "எறிஞ்சதைப் பொறுக்கிற பழக்கம் எனக்கில்லை. என்ரை கையிலை தாங்கோ."

நாலு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மணிக்கூடு ஓடியது. மோனிகா நடந்து போய், கார்டை எடுத்து, திரும்பி வந்து என் உள்ளங்கையில் வைத்தாள். அவளுடைய விரல் என் கையில் முட்டியது. நான் மாட்டிக்கொண்டேன், ஏப்ரனைக் கட்டினேன். பொய் எழுதிய தாளை அவள் மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

ஹாலில் வெள்ளை மேசை விரிப்பு, மெழுகுதிரிகள், வைன், ஒவ்வொரு மேசையிலும் துணியால் மூடிய இரண்டு பாண் ரொட்டி. விளக்கேற்றின பெண்கள் கண்ணை மூடிக் கும்பிட்டு முடித்தார்கள். பாட்டு முடிந்து பாண் பிட்டார்கள். நாங்கள் மீனும் கிழங்கும் கொண்டு போனோம். முணுமுணுப்புத் தொடங்கியது. சூப் எங்கே, சூப் எங்கே என்று கரண்டிகள் மேசையில் தட்டின. மோனிகா கதவடியில் நின்றாள்.

மிசிஸ் ஃபைகா என் ஏப்ரனைப் பிடித்து இழுத்தார். "வெள்ளிக்கிழமை சூப் இல்லையா? செத்தா போய்விட்டீர்கள் எல்லோரும்?"

நான் தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்து, ஹால் முழுக்கக் கேட்கச் சொன்னேன். "சூப் இல்லை. இறைச்சிப் பானையில் பால் பட்டுவிட்டது. ரபியைக் கேட்டோம். ஊற்றிவிட்டோம்."

கரண்டிச் சத்தம் நின்றது. யாரோ ஒருவர், "யார் செய்தது?" என்றார். பின்னால் பிரதீப்குமாரின் குரல் கேட்டது. "நான்தான். புது அடுப்பு நல்லா இருக்கணும்னு... எங்கள் ஊரில் அப்படிச் செய்வோம். தெரியாமல் செய்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்."

மிசிஸ் ஃபைகா அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார்.

"எவ்வளவு சூப்?"

"ஐம்பது லிட்டர்."

"எங்களுக்குத் தெரிந்திருக்காதே."

"தெரிந்திருக்காது."

"அப்படியும் ஊற்றினீர்கள்."

"ஊற்றினோம்."

அவர் முள்ளுக்கரண்டியை எடுத்தார். ஒரு கிழங்குத் துண்டைக் குத்தி வாயில் வைத்து, மெதுவாக, அவசரமே இல்லாமல் மென்றார். ஹாலே பார்த்துக்கொண்டிருந்தது. விழுங்கிவிட்டு, "உப்புக் காணாது" என்றார். பிறகு தட்டைத் தள்ளாமல் தன் பக்கம் இழுத்துக்கொண்டு கடைசித் துண்டு வரை சாப்பிட்டார்.